ஏழாம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

லெய்டன்,
3 ஜூன் 2024

அன்புள்ள செல்விக்கு,

இங்கே மழையும் நானும் சௌக்கியம். அங்கே வெயிலும் நீயும் எப்படி?

மொழிபெயர்ப்பில் ஏழாம் அத்தியாயம் இத்துடன் வருகிறது. இந்த நாவலை எழுதிய டச்சுக்காரி செத்தே எண்பது வருஷமாகிறது. கோர்னேலியா தைக்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள், மனசுக்குள் பேசிக்கொள்கிறாள். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். இனி அவருக்குக் காட்டப்போவதில்லை. நீ சிவப்பு மையைத் தயாராக வைத்துக்கொள். தாளில் வந்தால்தான் திருத்துவேன் என்று அடம்பிடிக்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

தமிழில் எழுத எழுத நம் சுடலைமாடத்திதான் நினைவுக்கு வருகிறாள். வகுப்பில் நம் மூவரில் இப்படி மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவள் அவள்தானே. இன்னும் எனக்கு அவள்மேல் கோபம் ஆறவில்லை. பிடிக்காத கல்யாணம் என்றால் நம்மிடம் வந்து சொல்ல என்ன கேடு? ஆடிப்பூரத்தன்று நீ தேர்க்கூட்டத்தில் இருந்தாய், சரி. நான் அப்போது ராஜபாளையத்தில்தானே இருந்தேன், நம் ஊரிலிருந்து அரைமணி நேரப் பஸ். ஒருத்தியையும் தேடாமல் கண்மாயில் போய் விழுந்தாளே.

உன்,
வல்லி


ராஜபாளையம்,
11 ஜூலை 2024

அன்புள்ள வல்லிக்கு,

வெயில் சௌக்கியம். நான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

முதலில் வேலை. கோர்னேலியாவின் அம்மா, "மகளே, நீ இதனைச் செய்யலாகாது" என்கிறாள். எந்த ஊர் அம்மா இப்படிப் பேசுவாள்? "செய்யாதடி" போதும். மற்றதெல்லாம் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

இனி நான் கேட்கிறதற்குப் பதில் சொல். உன் அத்தியாயத்தை அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். தவசிமுத்து அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறாய்? பட்டப்பகல். வீட்டில் எல்லாரும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். யாருக்கும் கதவைத் திறக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். யாரோ கதவை மூன்று தரம் தட்டுகிறார்கள். கோர்னேலியா ஊசியில் நூலைக் கோத்தபடி அசையாமல் இருக்கிறாள். தட்டியது சிநேகிதி என்று மறுநாள், அவளைக் கால்வாயிலிருந்து தூக்கும்போதுதான் தெரிகிறது.

இதை டச்சுக்காரி எழுதினாள் என்று யாரிடம் கதை விடுகிறாய்? உனக்குச் சொன்னது யார்? எதிர்வீட்டு வெள்ளத்தாய் அத்தையா? என்னிடம் நேரே கேட்டிருக்கலாமே. இப்படியா புத்தகம் என்று பேர் பண்ணி அனுப்புவது?

ஆமாம், நான் தேருக்குப் போகவில்லை. அன்று நான் வீட்டுக்குத் தூரம். அம்மா பின்கட்டில் பாயைப் போட்டுக் கொடுத்தாள். முன்கூடத்தில் ஆண்டாளுக்கு விளக்கேற்றிவிட்டு, "வெளக்கு எரியுத மட்டும் அந்தப் பக்கம் காலெடுத்து வச்சிராதட்டி" என்று சொல்லிப் போனாள். அந்த விளக்கைத் தாண்டாமல் வாசலுக்கு வர முடியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு கேட்டவர்களிடமெல்லாம் தேருக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை. தூரமாக இருந்தாள் என்று யார் வெளியே சொல்வார்கள்?

அன்றிலிருந்து மதியமானால் தட்டுகிறது, வல்லி. மூன்று தரம். கல்யாணமாகி வந்த வீட்டில் நான் பகலில் கதவைச் சாத்துவதே இல்லை. திறந்து கிடக்கிற கதவில்தான் தட்டுகிறது. இந்தப் புரூஃப் பார்க்கும் வேலைக்கு வந்ததே மிஷின் சத்தத்துக்காகத்தான்.

செல்வி


லெய்டன்,
9 ஆகஸ்ட் 2024

செல்வி,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளத்தாய் அத்தையோடு நான் பேசி எத்தனையோ வருஷம். டச்சுப் பக்கத்தைப் படமெடுத்து இதோடு வைத்திருக்கிறேன், யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள். நீயாகத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

இருபத்துமூன்று வருஷம் சுடலைமாடத்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்திருக்கிறாள். நம்மைத் தேடித்தான் வந்திருக்கிறாள். இத்தனை கோபத்தையும் இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசலில் நிற்பது யாரென்று கோர்னேலியாவுக்குத் தெரியாது. பால்காரராக்கும் என்று நினைத்துக்கொள்கிறாள். நீயும் அப்படித்தானே? யாரோ என்று நினைத்திருப்பாய். அப்படி ஒரு வரி எழுதி அனுப்பு. நான் நம்புகிறேன். அது வந்ததும் எட்டாம் அத்தியாயத்தை அனுப்புகிறேன். பழையபடி இருப்போம்.

வல்லி


ராஜபாளையம்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள வல்லிக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன்.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. கோர்னேலியாவுக்கு யாரென்று தெரியாது என்ற இடத்தில் நான் கை வைக்கவில்லை. அது அவள் கதை.

நீ கேட்ட வரியை எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். நல்ல வரிதான். பிழை பார்த்தே பழகின கண், அதை விடமாட்டேன் என்கிறது.

அவள் கூப்பிட்டாள், வல்லி. "ஏட்டி செல்வி, நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். செத்த நேரம் இருந்துக்கிடுதேன்டி. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்." மூன்று தரமும் என் பேரைச் சொல்லித்தான் தட்டினாள். நாலு மணி பஸ் ராஜபாளையம் பஸ். உன்னிடம்தான் வர இருந்தாள்.

போன கடிதத்திலும் ஒரு திருத்தம் இருக்கிறது. விளக்கைத் தாண்டாமல் வாசலுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தேன். அவள் வரும்போது விளக்கு எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. பின்கட்டிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் பயந்தது சாமிக்கு இல்லை. அவள் அப்பா வந்து எங்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார், தெருவே வேடிக்கை பார்க்கும் என்றுதான் பயந்தேன். அதற்குத்தான் ஒருத்தியைப் போக விட்டேன்.

எட்டாம் அத்தியாயம் வந்தால் திருத்தித் தருகிறேன். வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

மணி பன்னிரண்டரை ஆகப்போகிறது. தவசிமுத்து அண்ணன் கை கழுவிவிட்டு மிஷினை நிறுத்த வருகிறார்.

செல்வி