நூலக வேலையைப் பறித்தவள்

இன்று மதியம் எங்கள் அம்பத்தூர் ஆபீஸ் கேன்டீனில் ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இறந்தவள் மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனால் எனக்கு இன்னும் அடங்கவில்லையே, என்ன செய்ய?

பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரியில் நாம் இருவரும் ஒரே திட்டத்தில்தான் படித்தோம். வருமானச் சான்றிதழோடு விண்ணப்பித்தால், காலை ஷிப்ட் வகுப்பு முடிந்ததும் இரண்டு மணி நேரம் கல்லூரிக்குள்ளேயே வேலை கொடுப்பார்கள். சம்பளம் கைக்கு வராது, அடுத்த செமஸ்டர் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். அது இல்லையென்றால் வெள்ளானூரிலிருந்து நீயும் நசரத்பேட்டையிலிருந்து நானும் அந்த கேட்டைத் தாண்டியே இருக்க மாட்டோம்.

உனக்கு நூலகம் கிடைத்தது. எனக்குக் கேன்டீன். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கே மதியம் கரண்டியோடு நின்று ரசம் ஊற்றுவேன். தட்டை நீட்டுகிறவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நீயோ ஃபேனுக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பாடத்தைத் திறந்துகொள்வாய். வகுப்பில் முதல் மார்க்கும் உனக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாடி, மூஞ்சிய உம்முன்னு வச்சிகினு கீற?" என்று ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் கேட்டாய்.

"உனுக்கு இன்னா, மகாராணி கணக்கா குந்திகினு கீற" என்றேன்.

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலை நேரத்தில் சொந்தப் படிப்பு கூடாது என்பது திட்டத்தின் விதி. மறுநாளே திட்டத்தைக் கவனித்த மேடத்திடம் போய் நின்றேன். "அவ வேலையே செய்யறதில்ல மேடம். உக்காந்து படிச்சிட்டே இருக்கா." அதில் பாதி பொய். மேடம் பேனாவை மூடிவிட்டு, "அப்படின்னா சலுகையையே நிறுத்திட வேண்டியதுதான்" என்றார்கள். சலுகை நின்றால் நீ படிப்பையே விட வேண்டியதுதான். எனக்கு வேண்டியிருந்தது உன் நூலக வேலை மட்டும்தான். ஆனாலும் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் சும்மாவே இருந்தேன்.

மூன்றாம் நாள் நம் இருவரையும் இடம் மாற்றினார்கள். உன் படிப்பு தப்பியது. நான் நினைத்ததும் நடந்தது. அதற்குப் பிறகாவது நிம்மதியாக இருந்தேனா? நீ கரண்டியைப் பிடித்த முதல் வாரத்திலேயே மொத்தக் காலேஜும் உன் வரிசையில் நின்றது. "அண்ணாத்தே, இன்னொரு கரண்டி ஊத்தவா? வவுத்துல எடம் கீதா?" என்று நீ கேட்பதும் பையன்கள் சிரிப்பதும் நூலக ஜன்னல் வரைக்கும் கேட்கும். நான் அதே ஃபேனுக்குக் கீழே அதே பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட ஓடாமல் அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசி செமஸ்டரிலும் முதல் மார்க் உனக்குத்தான்.

நான்கே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டதாகச் செய்தி வந்தது. உன் வீட்டுத் தெரு முழுக்கக் கூட்டம். பழைய கேன்டீன் மாஸ்டர்கூட வந்திருந்தார். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் மனசு அளந்தது. என்ன ஜென்மமோ நான்.

கூட்டத்தில் உன் அம்மா என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதானம்மா அது? புக்கு தூசி ஒத்துக்காம மூச்சு வாங்கிகினு கெடந்தா. அந்த மேடத்தாண்ட பேசி கேன்டீனுக்கு மாத்தி வுட்டது நீதானாமே! சொல்லிகினே இருப்பா, என் ஃப்ரெண்டு மாதிரி வராதும்மான்னு."

உனக்கு மூச்சு வாங்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் உன்னைப் போட்டுக்கொடுத்தது தெரிந்தே அம்மாவிடம் மாற்றிச் சொன்னாயா, இல்லை உண்மையிலேயே அப்படி நம்பினாயா? இனி யாரிடம் கேட்பேன்? இல்லை அம்மா, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர்கள் என் தோளில் சாய்ந்து அழுதார்கள்.

உன் மேல் இருந்த பொறாமையைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேன். உன் அம்மா சொன்னார்களே ஒரு ஃப்ரெண்டு, அவளைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.