கண்ணாடி மாத்தணும்

அக்டோபர் 7, திங்கள்

இன்றும் ஜன்னலைத் துடைத்தேன். உள்பக்கம், வெளிப்பக்கம், பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் மறுபடி இரண்டு பக்கமும். மங்கல் மங்கலாகவே இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு கண்ணாடிய துடைக்கக்கூட வராதா? என்னத்ததான் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க உங்க வீட்டுல?”

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் என் வீட்டாருக்கு அர்ச்சனை நிற்கவில்லை.

இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்து வந்ததுமே கட்டிலை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னது அவர்தான். தெருவைப் பார்த்தால் பொழுது போகுமாம். தெருவையா பார்க்கிறார்? கேட்டைப் பார்க்கிறார். கேட்டருகில் நான் யாரிடமாவது பேசிவிட்டால் மோதிரத்தால் கண்ணாடியில் தட்டுவார். டொக், டொக். நன்றாக நடமாடிய காலத்திலும் இதே ஜன்னல், இதே டொக் டொக். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சிய ஒரே தொழிலாளி நான்.

தங்கை அவருக்கு வைத்திருக்கும் பெயர் கேமரா. போனில் கேட்டாள்: “என்னக்கா, கேமரா ஓடுதா?”

லென்ஸில் புகை படிந்திருக்கிறது என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை இருவருக்கும்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதாம், தோள் விறைக்கிறதாம். ஆள் கூப்பிடு என்று உத்தரவு. கூப்பிட்டாயிற்று.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். வலி மாத்திரையில் இவர் கண் அசந்த நேரத்தில் ஜன்னல்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர். சட்டத்தின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த ஓட்டையெல்லாம் எந்த மகராசன் அடைச்சது?” என்றார்.

மகராசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எறும்பு வருகிறது என்று வெளிப்பக்கம் ஏணி போட்டு ஏறி, சிலிக்கான் பசையால் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தது அவர்தான். ஆள் கூப்பிடலாமே என்றதற்கு, “எனக்குத் தெரியாத வேலையா?” என்றார். கடைசி ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து விழுந்தார்.

இது இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல், அது மழைத்தண்ணீர் வெளியே போவதற்காக வைத்த ஓட்டையாம். போக வழியில்லாமல் தண்ணீர் தேங்கி, இரண்டு கண்ணாடியையும் ஒட்டியிருக்கும் சீல் ஊறிப்போய், ஈரம் நடுவில் புகுந்துவிட்டது. “அழுக்கு உள்ளயும் இல்ல, வெளியவும் இல்லம்மா. நடுவுல இருக்கு. நீங்க தேஞ்சு போற வரைக்கும் துடைச்சாலும் போகாது. கண்ணாடி மாத்தணும். மத்ததெல்லாம் சில்லறை வேலை, நீங்களே செஞ்சுக்கலாம்.” ரப்பரை எப்படிப் பிடுங்குவது, கைப்பிடிக்கு எங்கே எண்ணெய் விடுவது என்று காட்டிக் கொடுத்தார்.

மாலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன்: “கண்ணாடி மாத்தணுமாம்.”

அவர் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

“யாரு சொன்னா?”

“வந்தவர்தான்.”

“ரத்தம் எடுக்க வந்தவன் இதையும் பாத்தானா? நானே நினைச்சேன். பக்கத்துல இருக்கறது நல்லாத்தான் தெரியுது, தூரம்தான் புகைமூட்டமா இருக்கு.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு, சின்னக் குரலில், “மாத்தினா சரியாயிடுமா?”

“மாத்தினா சரியாயிடும்னுதான் சொன்னார்.”

“இப்ப வேணாம். என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போய் ஊருக்கே காட்டணுமா? எழுந்து நடந்ததும் பாத்துக்கலாம்.”

சரிங்க என்றேன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், நான் யார் மீறுவதற்கு?

அக்டோபர் 11, வெள்ளி

நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட.

அக்டோபர் 14, திங்கள்

பழைய ரப்பரை உருவினேன். கருவாடு மாதிரி காய்ந்து, தொட்டாலே உடைகிறது. புது ரப்பரை மூலையில் தொடங்கி, இழுக்காமல், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தேன். இழுத்துப் போட்டால் பிறகு சுருங்கி இடைவெளி விடுமாம். கீல் திருகுகளை இறுக்கினேன். இறங்கியிருந்த கதவு ஏறி ஒழுங்காகப் பொருந்தியது. அடைத்த ஓட்டைகளையெல்லாம் பிளேடால் கீறித் திறந்துவிட்டேன். கைப்பிடிக்கு எண்ணெய். கைப்பிடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். காற்று வரக்கூடாது என்றாரே.

“பரவாயில்லையே,” என்றார். “இத்தனை நாளா எங்க வெச்சிருந்தே இந்த சாமர்த்தியத்தை?”

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. உச்சி குளிர்ந்ததா? இல்லை. ஆத்திரம்தான் வந்தது.

மாலை கேட்டருகில் எதிர்வீட்டுக்காரியிடம் ஆசை தீரப் பேசினேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை மேலும் கீழும் அசைவது நிழலாகத் தெரிந்தது. தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புது ரப்பர் அருமை.

அக்டோபர் 23, புதன்

தங்கையோடு டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன்! “நீ ஸ்டியரிங்கைத் தொட்டா வண்டி ஆட்டோ மாதிரி ஆடும்” என்று ஒருகாலத்தில் நண்பர்கள் நடுவில் என்னை வைத்துக் காமெடி பண்ணியவர் இவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். காபி கொடுத்துக்கொண்டே சிரித்தேன்.

லைசென்ஸ் எடுக்க வேண்டும். அவருக்குத் தெரிவதற்குள் எடுத்துவிட வேண்டும். தெரிந்தால் கார் சாவியை ஒளித்து வைத்துவிடுவார், படுத்தபடியே செய்வார். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இது ஒன்று போதும்.

நவம்பர் 6, புதன்

ஹெட்மாஸ்டர் பற்றி எழுத வேண்டும்.

அவரும் இவரும் தினமும் காலையில் சேர்ந்து நடந்தவர்கள். விழுந்தபின் யாரையும் வீட்டுக்குள் விடக்கூடாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இந்தக் கோலத்துல என்னை எவனும் பாக்க வேணாம்.” அதனால் ஹெட்மாஸ்டர் தெருவிலிருந்தே ஜன்னலைப் பார்த்துக் குடையை ஆட்டுவார், இவர் உள்ளிருந்து கையாட்டுவார். இரண்டு கிழங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. இவர் முகத்தில் சிரிப்பு வரும் நேரம் அது ஒன்றுதான்.

இப்போது குடை தெரிவதில்லை.

இன்று கேட்டார்: “அவன் வந்தானா?”

“உங்களுக்குத் தெரியலையா?”

“தெருவுல யாருமே இல்லையே.”

“ம்.”

அந்த ‘ம்’ சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று நம் வெள்ளைக் காரையே எடுத்தேன், தங்கை பக்கத்தில் உட்கார. கேட்டில் உரசாமல் வெளியே வந்துவிட்டேன். திரும்பி வந்ததும், “நம்ம கேட்டுலேர்ந்து ஏதோ வெள்ளையா போச்சே?” என்றார்.

“வெள்ளையாவா?” என்று திருப்பிக் கேட்டேன். அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். போட்டார். கழற்றினார். மறுபடி துடைத்தார். அவர் துடைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னத்ததான் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களோ அவங்க வீட்டுல.

நவம்பர் 26, செவ்வாய்

ஹெட்மாஸ்டர் கேட்டருகில் என்னை நிறுத்தினார். “குடையை ஆட்டி ஆட்டி கை வலிக்குதும்மா. அவன் ஒருநாள்கூட திருப்பி ஆட்ட மாட்டேங்கறான். என் மேல ஏதாவது கோவமா?”

சொல்லியிருக்கலாம். ஒரே வரி. ஜன்னல் கெட்டுப்போச்சு சார், அவ்வளவுதான்.

“அவர் குணம் உங்களுக்குத் தெரியாததா சார்?” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டே போனார். குடை கக்கத்தில் இருந்தது.

டிசம்பர் 4, புதன்

ஹெட்மாஸ்டர் இப்போதெல்லாம் எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறார். ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. இவரிடம் போன் போட்டுப் பேசுங்களேன் என்றேன் (ஏன் சொன்னேன்? எட்டிப் பார்த்த இரக்கமா?). “அவனே எட்டிப் பாக்கல, நான் எதுக்கு வழியப் போய்ப் பேசணும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பூட்டாத பூட்டும் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஒழுங்காகக் காலை மடக்கி நீட்டினால் விறைத்துப் போன கால் சரியாகும், நடக்கலாம் என்று டாக்டரே சொன்னது. இவர் மாட்டேன் என்கிறார். “கண்ணே தெரியாம எங்க போய் நடக்கறது? விழுந்து மறுபடி உடைக்கவா?” கட்டிலைவிட்டு இறங்கி முன்னறை வாசலில் தொங்கும் திரையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்திருந்தாலே போதும், எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போது உறுத்துகிறது. உறுத்தட்டும். ஒரு லிட்டர் பால் வாங்கப் போனதற்கு வாசலில் நிற்க வைத்துக் கணக்குக் கேட்டாரே, அப்போது யாருக்கு உறுத்தியது?

ஜனவரி 2, வியாழன்

மாறிவிட்டார். எங்கே போறே என்று கேட்பதில்லை. எப்ப வருவே என்கிறார். நான் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “தெருவுல என்ன நடக்குது, சொல்லேன்” என்கிறார். நாய் படுத்திருக்கிறது, குழாய் ரிப்பேர் செய்கிறார்கள், எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்கிறேன். எல்லாம் உண்மை. ஹெட்மாஸ்டரைப் பற்றி அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

“நீதான் எனக்குக் கண்ணு” என்றார் இன்று. அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது. உதறவில்லை. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது, சீ.

ஜனவரி 21, செவ்வாய்

லைசென்ஸ்!!

தங்கை நடுரோட்டில் கட்டிக்கொண்டாள். “இனிமே கேமரா என்ன பண்ணும்?”

ஒன்றும் பண்ணாது. கால் சூம்பிவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் போன வாரம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து லைசென்ஸைப் பீரோவில் வைத்தேன். வைத்தபின் ஏதோ குறைகிறது. பார்க்க வேண்டியவர் பார்க்காமல் என்ன ஜெயிப்பு இது? நான் கேட்டைத் திறந்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வளைத்துக்கொண்டு போவதை அவர் பார்க்க வேண்டும். நன்றாகப் பார்க்க வேண்டும்.

ஜன்னல்காரருக்குப் போன் போட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முழுச் சட்டத்தையும் கழற்றத் தேவையில்லை. ஓரப்பட்டைகளை நெம்பி எடுத்துவிட்டு, கெட்டுப்போன இரட்டைக் கண்ணாடியை மட்டும் அப்படியே தூக்கிவிட்டார் ஜன்னல்காரர். அதைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்தார். புதியதை உட்கார வைத்துப் பட்டைகளைத் தட்டிப் பொருத்தினார். அறைக்குள் வெயில் பளீரென்று விழுந்தது.

“ஏய்!” என்று கத்தினார் அவர். “தெரியுதுடீ! நாய் தெரியுது! கேட்டு தெரியுது! என் கண்ணு சரியாயிடுச்சு!”

அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஜன்னல்காரர் வெகுளி. “கண்ணுக்கு என்ன சார்? புகையெல்லாம் இதுலதான் இருந்துச்சு” என்று சாய்த்து வைத்திருந்த பழைய கண்ணாடியைக் காட்டினார். “அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே, கண்ணாடி மாத்தணும்னு.”

அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். ஜன்னல்காரர் பழைய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் சுவரோரம் நின்றேன். கத்துவார், கத்தட்டும் என்று பதில்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

“நீ சொன்னே,” என்றார். “கண்ணாடி மாத்தணும்னு என்கிட்ட சொன்னே.”

“ஆமா. நீங்கதான் இப்ப வேணாம்னீங்க.”

“ஆமா.” உள்ளங்கையைப் பார்த்தபடி, “அவன் வந்தானா?”



“தினமும் வந்தார்.”

கேட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மெல்லப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் என்னைச் சட்டை மாற்றிவிடச் சொன்னார். தலையைத் தானே சீவிக்கொண்டார். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

நான் வண்டியை எடுத்தேன். கேட்டைத் திறந்து, வளைத்து, அவர் ஜன்னலுக்கு நேரே தெருவில் நிறுத்தினேன். இந்த நாளுக்காகத்தான் இத்தனையும். பார்த்தேன். கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்தது, அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டர் வந்தார், எதிர் நடைபாதையில், குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. இவர் கையை ஆட்டினார். அவர் நேரே பார்த்து நடந்தார். இவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பிறகு மோதிரத்தால் கண்ணாடியில் தட்டத் தொடங்கினார். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது பூட்டியிருந்தது.

சாவி என் கைப்பையில் இருந்தது. இறங்கிப் போய்த் திறக்கலாம். அதுகூட வேண்டாம், ஹாரன் அடித்தால் போதும், ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார்.

அவர் என் வண்டியைத் தாண்டிப் போனார். ஜன்னலில் இவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. ரப்பரை நான் அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறேன்.

கியரை மாற்றினேன். வண்டி ஆடவே இல்லை.