வரப்பில் குவித்த களை

மதினி,

நேற்றுச் சாயங்காலம் பிரஸ்ஸைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போனேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. திருத்தங்கல் தெருக்களில் மழையில் ஊறிய வெடிக் காகிதம் இன்னும் ஒட்டிக் கிடக்கிறது. ஊரைத் தாண்டும் வரை வெடிமருந்து வாசனை வண்டியோடு கூடவே வந்தது. கண்மாய்க் கரையில் இறங்கியதும் அது போய் வேறொரு வாசனை முகத்தில் அடித்தது. பக்கத்து வயலில் யாரோ களை எடுத்து வரப்பில் போட்டிருந்தார்கள். பிடுங்கிய கோரை வெயிலில் வாடும்போது கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் சேறுமாக ஒரு வாசனை வருமே, அது. அடுத்த நிமிடம் நீங்கள் அங்கே இருந்தீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, "ஆட்டப் பிடிங்க, ஆட்டப் பிடிங்க" என்று கத்திக்கொண்டு. தன்னந்தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் போய் இது இரண்டாவது தீபாவளி.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது, நெல்லைப் பற்றிப் படித்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிற பெண் என்று சொன்னார்கள். நெல்லில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை. எனக்கு நாத்தனார் முறுக்கு வேறு. ஒருநாள் எல்லோர் முன்னாலும் உங்களை வம்புக்கு இழுத்தேன். "மதினி, நெல்லுக்கும் நெல்லுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறீகளாமே. பத்திரிகை அடிக்க எங்க பிரஸ்ஸுக்கு ஒரு ஆர்டர் குடுத்திருக்கலாம்ல?"

நீங்கள் அசரவே இல்லை. "நாளைக்கு வா ஜோதி. முகூர்த்தம் பத்து மணிக்கு" என்றீர்கள்.

பிரஸ்ஸில் சீசன் இல்லாத நாள் என்பதால் உங்கள் நிலையத்துக்கு வந்தேன். தொட்டியில் நின்ற ஒரு நெற்பயிரின் முன்னால் என்னைக் குத்தவைத்து உட்கார வைத்தீர்கள். முந்தின நாள் சாயங்காலமே அதன் ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, இடுக்கியால் உள்ளே இருந்த ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். தூசி விழாமல் காகித உறை மாட்டியிருந்தது. பக்கத்துத் தொட்டியில் இன்னொரு நெல். அதன் கதிரைக் காட்டி, "சும்மா பாத்துக்கிட்டே இரு" என்றீர்கள். வெயில் ஏறியது. நான் வாட்சைப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில், பச்சை உமி ஒன்று நடுவில் பிரிந்து, கதவு திறப்பதைப் போல மெல்ல விலகியது. உள்ளிருந்து இளமஞ்சள் பைகள் நூல் நூலாக வெளியே வந்து தொங்கின. அப்புறம் அடுத்த பூ. அப்புறம் கதிர் முழுக்க. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மெல்ல மூச்சு விடு. ஒன் மூச்சுக் காத்துலயே மகரந்தம் பறந்துரும்" என்று என் தோளை அமுக்கினீர்கள். அந்தக் கதிரை எடுத்து உறைக்குள் விட்டு ஒரு சுழற்று சுழற்றினீர்கள். கல்யாணம் முடிந்தது.

"அம்புட்டுத்தானா மதினி?"

"அம்புட்டுத்தான். ஒரு நெல்லுப் பூ ஒரே ஒருக்கத்தான் தொறக்கும். ஒரு மணி நேரத்துல மூடிக்கிரும். அப்புறம் தொறக்கவே தொறக்காது. உள்ளுக்குள்ளயே அரிசி வளந்துரும்."

மதினி, பிறந்ததிலிருந்து சோறு தின்றவள் நான். தட்டில் கிடக்கிற ஒவ்வொரு பருக்கையும் ஒரு காலை வேளையில் ஒரு பூவாகத் திறந்து மூடியது என்பது எனக்குத் தெரியாது. அன்று மதியம் உங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது கை வைக்கவே கூச்சமாக இருந்தது. நீங்கள்தான் "திங்க மாட்டேங்கியே, ருசியா இல்லையா?" என்று கேட்டீர்கள்.

ஒரு தொட்டியில் இருந்தது நம் பக்கத்துப் பழைய செந்நெல். காற்றடித்தால் சாய்ந்துவிடும், விளைச்சலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இராது. ஆனால் அரிசியில் இரும்புச் சத்து உண்டு, முளைத்த உடனே விறுவிறுவென்று இலையை விரித்துத் தரையை மூடிக்கொள்ளும். மற்றது குட்டையாக நின்று நன்றாக விளைகிற நெல். களை மட்டும் மண்டிவிட்டால் அமுங்கிப் போகும். இரண்டின் நல்ல குணமும் ஒரே பயிரில் சேர வேண்டும் என்பது உங்கள் ஆசை. அந்தக் கல்யாணத்தில் பிறந்த நெற்பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, கழித்துக் கழித்துச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வருடங்கள் போயின. என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, படித்து, காலேஜுக்கும் போய்விட்டாள். நீங்கள் இன்னும் அந்தப் பிள்ளைகளைத்தான் கழித்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்படி மிஞ்சியதில் ஒன்றை எனக்குக் காட்டினீர்கள். அரிசியை நெடுக்காக இரண்டாக வெட்டி, மஞ்சள் கரைசல் ஒன்றில் போட்டு வைத்தீர்கள். இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே நீலம் பிடிக்கும் என்றீர்கள். கடை அரிசியில் ஓரத்திலும் முளை இருக்கிற மூலையிலும் மட்டும் ஒரு நீலக் கோடு. தீட்டினால் அதுவும் தவிட்டோடு போய்விடும். உங்கள் அரிசியில் நீலம் ஓரத்தைத் தாண்டி நடு வரைக்கும் இறங்கியிருந்தது. பிரஸ்ஸில் எத்தனையோ நீலம் பார்த்திருக்கிறேன். அந்த அரிசியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோற்றுக்குள் இரும்பு இருப்பதைக் கண்ணால் பார்ப்போம் என்று யார் நினைத்தார்கள்?

"கம்பி மத்தாப்புல பொறி பொறியாத் தெறிக்குதே, அது என்னன்னு நெனைக்க? இரும்புத் தூளு. நாளெல்லாம் அதைக் கையில அள்ளுறவுக ரத்தத்துல இரும்பு இல்லன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்காக, ஜோதி" என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அதன் பிறகுதான் எங்கள் வயலைக் கேட்டீர்கள். கண்மாய்க்குக் கீழே என் வீட்டுக்காரர் பங்காக வந்த அந்தத் துண்டு நிலம் தரிசாகத்தான் கிடந்தது. நேரடியாக விதைத்தால் நெல்லுக்கு முன்னால் களை எழும்பும். களை எடுக்க ஆள் கிடையாது. முன்பு எங்கள் வயலில் களை எடுத்தவர்கள் எல்லோரும் விடிந்தும் விடியாமல் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் வெடிப் பெட்டிக்கு லேபிள் அடித்துப் பிழைக்கிறவள்தான். பிளாட் போட ஒருவர் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் பாதி மனதாகிவிட்டார். நீங்கள் அவரிடமே நேராகப் பேசினீர்கள். "தம்பி, ரெண்டு போகம் மட்டும் குடுங்க. களைய ஜெயிக்கிற நெல்லு வந்துட்டா நீங்க விக்க மாட்டீக." அவர் சரி என்றார்.

உங்களுக்கும் அது கடைசி வாய்ப்பு. நிலையத்து வயலில் எப்படி வளர்ந்தாலும், விவசாயி வயலில் களையோடு போட்டி போட்டு நின்றதற்குச் சான்று இல்லாவிட்டால் அந்த நெல்லை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். இத்தனை வருடப் பாடும் விதைக் கிடங்கில் ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு நெல்லையும் மூன்று வெவ்வேறு இடத்தில் விதைத்து, குச்சியில் எண் எழுதி நட்டு, களையைத் தொடவே கூடாது என்று எங்களுக்குக் கட்டளை போட்டீர்கள். "முளைச்ச மொத மாசத்துல எது நெழல் போடுதோ அதுக்குத்தான் நெலம்" என்றீர்கள். வயலோ பார்க்கச் சகிக்கவில்லை. கோரையும் புல்லும் பிய்த்துக்கொண்டு வளர்ந்தன. ஊரே நின்று பார்த்துவிட்டுப் போனது. உங்களுக்குக் 'களை வளக்குற டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த வருடத் தீபாவளி முடிந்து கம்பெனிகளை அடைத்திருந்தார்கள். நாம் இருவரும் என் வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது செல்லத்தாய் அக்கா போன் பண்ணினார். என் மாமியார் காலத்தில் எங்கள் வயலில் களை எடுத்தவர், இப்போது பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர். குரலில் அப்படி ஒரு பெருமை.

"தாயி, ஒன் வயலு கெடந்த கெடையப் பாத்து எங்களுக்கு மனசு கேக்கல. லீவுதான, நம்ம பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து பூராக் களையும் எடுத்துட்டோம். காசு கீசுன்னு வந்துறாத, வாங்க மாட்டோம்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் உங்கள் கையில் இருந்த அதிரசம் கீழே விழுந்தது. அப்படியே வண்டியில் ஏறி வயலுக்குக் கிளம்பினோம். எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டும் வராத ஆட்கள், வரவே கூடாத அந்த ஒரு போகத்தில், கூப்பிடாமல் வந்து களை எடுத்திருக்கிறார்கள். யாரை நொந்துகொள்வது?

வயல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெண்கள் வரப்பில் உட்கார்ந்து காப்பித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள், பாராட்டுவீர்கள் என்று. நீங்கள் அழப் போகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். நீங்கள் வயலைப் பார்க்கவே இல்லை. வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, களைய எப்படி எடுத்தீக? எல்லாரும் சேந்தா, தனித்தனியாவா?"

"ஆளுக்கொரு பாத்தி தாயி. யாரு மொதல்ல முடிக்காகன்னு போட்டி போட்டோம். அந்தந்தப் பாத்தி தலமாட்டுலயே குமிச்சுட்டோம்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு களைக் குவியல். சிலது இடுப்பளவு. நடுவில் ஒன்று மட்டும் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு வரப்போடு ஓடினீர்கள். அந்தக் கோடியில் அதே எண் குச்சி. அங்கேயும் குவியல் சின்னது. கிழக்கு ஓரத்தில் மூன்றாவது. அதுவும் சின்னது. மூன்று பாத்தியும் நடு வரைக்கும் நீலம் பிடித்த அதே நெல்; களையை எழவிடாமல் அமுக்கியிருந்தது. அந்த நேரம் பார்த்தா நாலைந்து ஆடுகள் கரையிலிருந்து இறங்க வேண்டும்! "ஆட்டப் பிடிங்க!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. எல்லோரும் காப்பியைப் போட்டுவிட்டு ஓடினோம். களையைக் காப்பாற்ற ஆட்டை விரட்டிய கூட்டம் உலகத்தில் நாமாகத்தான் இருப்போம்.

பிரஸ்ஸிலிருந்து காகிதம் நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் செய்து, குவியல் குவியலாக நிறுத்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு எடுத்து என் மொட்டை மாடியில் காயப்போட்டீர்கள். "நாங்க சின்னதா ஒரு சதுரச் சட்டத்தப் போட்டு, அதுக்குள்ள இருக்குற களைய மட்டும்தான் பிடுங்கி நிறுப்போம். இவுக வயலு பூராவும் பிடுங்கிக் குடுத்துட்டாக ஜோதி" என்று சொல்லும்போது உங்கள் கண்ணில் தண்ணீர். களையோடு நின்று எவ்வளவு விளையும் என்பது அந்த வருடம் கிடைக்காமலே போயிற்று. ஆனால் எந்த நெல் களையை அமுக்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று மேலே இருந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு வருடம் கொடுத்தார்கள். எல்லாம் பாழாகிவிட்டது என்று நான் நின்ற இடத்தில் நீங்கள் மட்டும் எப்படி மதினி அந்தக் குவியல்களைப் பார்த்தீர்கள்? இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

செல்லத்தாய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். மறு வருடம் அவர்தான் காவல். "ஏலே, களைய மிதிக்காத! டீச்சர் வளக்குறாக!" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் விரட்டினார். அந்த வருடம் களைக்கு நடுவிலேயே உங்கள் நெல் விளைந்தது, அரிசி பழைய செந்நெல்லைப் போலவே சிவப்பாக. வீட்டுக்காரர் பிளாட் பேச்சை எடுக்கவே இல்லை.

அறுத்து முடித்த பிறகு, ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்றீர்களாம். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் நெல் இப்போது பல ஊர்களில் சோதனையில் இருக்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான். சோதனை நிலவரத்தை அண்ணன்தான் அவ்வப்போது போன் பண்ணிச் சொல்கிறார்.

நேற்று வயலிலிருந்து திரும்பியபோது செல்லத்தாய் அக்கா என் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "தாயி, அந்தச் செவத்த அரிசி இன்னுங் கொஞ்சம் இருக்குமா? பேத்தி சடங்காயிருக்கா. அந்தச் சோறுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா." விதைக்கு எடுத்துவைத்தது போக மிச்சத்தில் படியால் அளந்து போட்டேன். சத்து, இரும்பு என்று ஒன்றும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ருசிக்குத்தான் கேட்டு வந்திருக்கிறார், மதினி. அவர் போனதும் ஒரு கை போட்டுப் பொங்கி, வெறும் மோர் விட்டு நானும் சாப்பிட்டேன். நீங்கள் தேடித்தேடிச் சேர்த்த இரும்பு இந்நேரம் அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். என் ரத்தத்திலும்தான்.

உங்கள்
ஜோதி