பிள்ளையார் மாத்திரை, கையிருப்பு ஒன்று

இன்று காலை உன் அண்ணன் செம்பாக்கத்திலிருந்து வந்து ஒரு ரெக்ஸின் ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனார். "அவ பீரோவுல இருந்துச்சும்மா. உங்க ஆபீஸ் சமாச்சாரம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, சந்தேகம். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது, இப்போது எதற்கு இது? என் புத்திதான் உனக்குத் தெரியுமே. ஆட்டோக்காரர் வேறு தெருவில் திரும்பினாலே கைப்பையை இறுக்கிக்கொள்கிறவள். "உன்னை நம்ப வெக்கிறதுக்குள்ள கடவுளுக்கே வேர்த்துடும்டி" என்பாய்.

திறந்ததும் அந்தப் பழைய ரெக்ஸின் வாடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரல், நீ கழுத்தில் மாட்டியிருந்த அட்டை, ஒரு விசிட்டிங் கார்டு. அந்தக் கார்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்றேழோ எட்டோ. மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மேல்மாடியில் நம் ஆபீஸ். செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைகிற ஏசி ரூம், மூன்று கம்ப்யூட்டர், நீ, நான், சார். மருந்துக்கடைகளுக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதினோம். அதில் ஒரு கோளாறு. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், ரிப்போர்ட்டை அச்சடித்தால் பட்டியலின் முதல் மருந்து மட்டும் வராது. ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்டும் பிடிபடவில்லை. கடைசியில் நீதான் அந்த முதல் இடத்தில் "பிள்ளையார் மாத்திரை, கையிருப்பு 1" என்று ஒரு பொய் மருந்தை உட்கார வைத்தாய். விழுங்கினால் அதை விழுங்கட்டும்! "நான் சர்ச்சுக்குப் போறவ, ஆனா இந்த மிஷின் பிள்ளையாருக்குத்தான் அடங்குது" என்று சிரித்தாய். அதற்கப்புறம் எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதல் ரெக்கார்ட் அவருக்குத்தான்.

சார் நம் இருவரையும் மீனம்பாக்கத்துப் பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்கு அனுப்பினார். காலையில் ஒருவர், இரண்டாயிரம் பிறந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும் என்று பயமுறுத்தினார். நான் நம்பவில்லை. அடுத்தவர், இனி வீட்டிலிருந்தே எல்லாம் வாங்கலாம் என்றார். அதையும் நம்பவில்லை. மூன்றாவதாக ஒரு புதுக் கம்பெனி, மருந்துக்கடைப் புரோகிராம் என்று மேடையில் ஓட்டிக் காட்டியது. பெரிய திரையில் பட்டியல் விரிந்தது. முதல் வரியில் நம் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

திரும்பினால் உன் முகம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. பெங்களூரில் வேலை தேடுவதாக நீ சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, சரியாகப் பொருந்தியது. அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் உன்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பின் "தலைவலிடி" என்று எழுந்து போனாய். பின்னாலேயே வந்து பார்த்தேன். அந்தக் கம்பெனி ஸ்டாலில் விற்பனைக்காரனிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். கார்டை வாங்கிப் பின்பக்கம் என்னவோ எழுதிக்கொண்டாய்.

"என்ன பேசினே?"

"சும்மாடி. டெமோ நல்லா இருந்துச்சுன்னேன்."

திருடிவிட்டுப் பாராட்டு வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயிலில் லேடீஸ் பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கேட்டேன். "நீதானே குடுத்தே?" "நீ எப்படி நினைக்கிறியோ அப்படியே வெச்சுக்கோ" என்றாய். தாம்பரத்தில் இறங்க வேண்டியவள் குரோம்பேட்டையிலேயே இறங்கிவிட்டாய்.

மறுநாள் நான் சாரிடம் சொன்னேன். அவர் உன்னிடமிருந்த ஆபீஸ் சாவியைக் கேட்டார். மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாய். பெங்களூர் போனாய், உடம்புக்கு முடியாமல் செம்பாக்கத்துக்கே திரும்பி வந்தாய் என்று கேள்விப்பட்டேன். நான் அன்றும் இன்றும் இருக்கிற இரும்புலியூரிலிருந்து எவ்வளவு தூரம்? நான் வரவில்லை.

இன்று அந்தக் கார்டைத் திருப்பினேன். பின்பக்கம் நீ எழுதியதன்மேல் பேனாவால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியிருந்தாய். பார், மறைத்திருக்கிறாள், என்றது மனசு. விடுவேனா? ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பள்ளம் விழுந்த எழுத்தைக் கூட்டிப் படித்தேன்.

"இன்டர்வியூக்கு வந்த பொண்ணு. இரும்புலியூர்."

நான்தான்டி அது. கருத்தரங்குக்கு இரண்டு மாதம் முன்னால், உன்னிடம்கூடச் சொல்லாமல் அடையாற்றில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். என் திறமையைக் காட்ட நம் புரோகிராமை ஃப்ளாப்பியில் எடுத்துப் போயிருந்தேன். "வைரஸ் இருக்கான்னு பாத்துட்டுத் தரோம்" என்று உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், அந்த அரை மணி நேரத்தைச் சந்தேகப்படவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன். திரையில் பிள்ளையாரைப் பார்த்ததுமே அது நினைவுக்கு வந்தது. 'அது வேற பேர், வேற கம்பெனி' என்று தள்ளிவிட்டு உன் பக்கம் திரும்பினேன்.

அந்த அடையாற்றுக் கம்பெனிதான் புதுப் பேரில் அங்கே வந்திருக்கிறது, நீ சிரித்துப் பேசி அந்த விற்பனைக்காரன் வாயைப் பிடுங்கியிருக்கிறாய். ரயிலில் நான் கத்தும்போது இந்தக் கார்டு உன் பைக்குள் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டியவள் நான். அப்பாவின் ஃபாக்டரி மூடிக் கிடந்தது, என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அது உனக்குத் தெரியும். அப்புறமும் யார் கண்ணிலும் படக் கூடாதென்று கிறுக்கி வைத்திருக்கிறாய். ஏண்டி இப்படிச் செய்தாய்? என்னை ஒரு அறை அறைந்திருக்கக் கூடாதா?

நான் மாறவில்லை. இன்றும் யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மனசுக்குள் பட்டியல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது முதல் வரியை இரண்டு தடவை பார்க்கிறேன். அன்றைக்கு என் ரிப்போர்ட்டில் வராமல் போன அந்த முதல் பெயர் என்னுடையது.