தேயிலைப் பெட்டியும் நாற்பது வாட் பல்பும்

நவம்பர் 9, சனி

தணமல்வில பக்கம் பூசணிக்காய் ஏற்றப் போன இவர் பகல் திரும்பி வந்து, சோற்றுப் பெட்டியை என் கையில் கொடுத்து, "மெதுவா தொற" என்றார். மிச்சம் வைத்த சோறு என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஓர் ஆமைக்குஞ்சு. தேசிக்காய் அளவுதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகில் நட்சத்திரம் வரைந்தது போல மஞ்சள் கோடுகள். பதுளைச் சந்தையில் காய் இறக்கும்போது சாக்குக்கு அடியில் கிடந்ததாம்.

கிடந்ததாம்! இத்தனை வருஷம் லொறி ஓட்டுகிற என் புருஷன் நிமலனுக்கு ஆமையையும் பூசணியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமலா போகும்? யாராவது விற்கக் கொடுத்திருப்பார்களோ? இந்த ஆமையை வைத்திருந்தால் கேஸ் என்று டீவியில் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டேன்.

"அதான் வனஜீவி ஆபீசுக்குப் போன் போட்டுட்டேன். ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

சந்தேகப்பட ஒருத்தி இருப்பதால்தான் இந்த வீடு நிற்கிறது.

மதினி குசினி வாசலில் நின்று பார்த்தார். இவருடைய அக்கா, கருப்பம்மா. தெமோதரையில் அவர்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது, மண் சரியும் என்று எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடத்து முகாமில் இருக்க, இவர் அக்காவை மட்டும் இங்கே கூட்டிவந்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் நான் கெட்டவள்.

மதினி சொன்னது ஒன்றுதான். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு தெரியாதா தம்பி?"

நவம்பர் 10, ஞாயிறு

வனஜீவி ஆபீசிலிருந்து ரிப்கான் என்றொருவர் பேசினார். வெல்லவாய ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறதாம். ரோடு திறந்ததும் வந்து எடுத்துப்போய் அதன் காட்டிலேயே விடுவார்களாம்.

"அதுவரைக்கும் சூடா வெச்சிருங்க அக்கா. கீழ்நாட்டு வெயில்ல பொறந்தது, ஒங்க குளிரு தாங்காது. தண்ணில மட்டும் விட்டுறாதீங்க, இது தரை ஆமை, முங்கிரும்."

வேண்டுமென்றே நாள் கடத்துகிறாரோ என்று தோன்றியது. ஆனாலும் சொன்னதை எல்லாம் செய்தேன்.

மச்சில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன். அடியில் காய்ந்த மண்ணும் தும்புத்தூளும். ஒளிந்துகொள்ளப் பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீருக்கு ஜாம் போத்தல் மூடி. பல்புதான் பெரும்பாடு. இப்போது எங்கும் எல்ஈடி. அதில் சூடு வராது. பாறூக் நானா கடையில் தூசி தட்டி ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எடுத்துக் கொடுத்தார். "கோழி அடைகாக்கவா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். அவருக்கு எதற்கு மற்றதெல்லாம்?

பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட வேண்டும். சூடு அதிகமானால் அது மறுபக்கம் போக இடம் வேண்டுமாம். தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் பால் சூடு பார்ப்பது போலக் கையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பெட்டியைக் குசினியில்தான் வைக்க முடிந்தது. அங்கேதான் மதினி படுக்கிறார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் 11, திங்கள்

செம்பருத்தி இதழ் தின்றது. சின்ன வாய், பிடிவாதமான வாய். வேலைக்குப் போன இடத்திலும் அதே நினைப்பு. பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே இந்நேரம் அது என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

விடிய எழுந்து பார்த்தால் சிரட்டை வேறு பக்கம் கிடக்கிறது. ஆமையே தள்ளியிருக்குமா? இவ்வளவு பெரிய சிரட்டையை?

இரவு முழுக்கச் சார்ஜரில் போட்ட என் போனிலும் சார்ஜ் இல்லை. குசினிச் சுவரில்தான் பிளக். யார் பிடுங்கியது?

நவம்பர் 13, புதன்

ஆமையின் முதுகில் சாம்பல். துடைத்துப் பார்த்தேன், சாம்பல்தான். தும்புத்தூளில் சுருண்ட கறுப்பு மயிர். மனிதத் தலைமயிர் இல்லை, தடித்தது. சாம்பல், கறுப்பு மயிர். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதினி என்னைவிட முன்னே எழுந்து ரொட்டி சுட்டு வைத்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "தூங்கலயா மதினி?" என்றேன். "வயசாச்சுல்ல" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரொட்டியை நான் தின்னவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "அக்கா பில்லி வைக்கப் போகுதா? அதுக்கு ஒரு தேங்கா ஒடைக்கவே மனசு வராது." "நீங்க பாத்தீங்களா?" என்றேன். "நீ பாத்தியா? ஒந்தலமாட்டுல இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்ட."

அதற்குத்தான் இன்று ஓர் ஏற்பாடு. பெட்டியின் வாய்க்குக் குறுக்கே கறுப்புத் தையல் நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். யார் கை உள்ளே போனாலும் அறுந்துவிடும்.

வெளியே நல்ல மழை. இவர் லொறியில் போய்விட்டார், ஞாயிறுதான் வருவார்.

நவம்பர் 15, வெள்ளி

நூல் அறுந்திருந்தது.

போனிலும் சார்ஜ் இல்லை.

நவம்பர் 16, சனி

கேட்டுவிட்டேன். "ஏன் மதினி, இந்த வாயில்லாச் சீவனுக்கு என்னத்த வெச்சீங்க? இல்ல, எனக்கு வெச்சீங்களா?" என்று லயமே கேட்கிற மாதிரி கேட்டேன்.

மதினி தன் பையை எடுத்தார். கொடியில் காய்ந்த சேலையை மடித்தார். கம்பளியை மடித்தார். கொழுந்தெடுத்த காலத்துக் கம்பளி, மழைக்குத் தலையில் போடுவது, அதை இன்னும் விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ரெண்டு ஆமை ஒரு வீட்டுக்கு ஆகாது, ஜீவா. அதயாச்சும் பாத்துக்க."

சாபமா விட்டுட்டுப் போகுது? போகட்டுமே. நானா போகச் சொன்னேன்? தெமோதரை பஸ் போகிற சத்தம் கேட்டது.

இவருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நூலை மறுபடியும் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

நவம்பர் 17, ஞாயிறு

நூல் அறுபடவில்லை. நான் கட்டியபடியே இருக்கிறது. பல்பு எரிகிறது. சிரட்டை வைத்த இடத்தில் இருக்கிறது. யார் கையும் படவில்லை.

ஆமை கல்லாகக் குளிர்ந்து கிடக்கிறது. கால் வெளியே தொங்குகிறது, தொட்டால் இழுக்கவில்லை.

போனைப் பார்த்தேன். சார்ஜ் இல்லை. இன்று யார் பிடுங்கியது, ஜீவராணி? சொல்லு, யாரு?

பக்கத்துக் காம்பரா ஜெசிந்தினி தண்ணீர் பிடிக்க வந்தாள். "ராத்திரி பூரா கரண்டு இல்லயே அக்கா. இப்பத்தானே வந்துச்சு. இந்த வாரம் பூரா இதே கததான், ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான்தான் படுத்தால் பிணமாயிற்றே. கரண்டு போன ராத்திரியெல்லாம் அதைத் தூக்கிக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது அந்த மனுசி. அடுப்புச் சாம்பல். கம்பளி மயிர். கரண்டு வந்ததும் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு எனக்கு ரொட்டி சுட்டிருக்கிறது. நான் அதைத் தின்னாமல் எழுந்து போயிருக்கிறேன்.

ஐயோ, என்ன வேல பாத்துட்டேன் நான்.

அதே நாள், பின்னேரம்

ஆமையைத் துணியில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முகாமில் மதினி சமையல் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுக்குமுன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கம்பளிக்குள் வைத்து அடுப்போரம் குந்தினார். நானும் குந்தினேன். வெகு நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. பிறகு தலை வந்தது.

"கரண்டு போகுதுன்னு ஏன் மதினி சொல்லல?"

"பில்லி வெச்சியான்னுதானே கேட்ட."

"ஆகாதுன்னீங்களே இத."

"ஆகாததுதான். அதுக்காகக் குளுருல சாகணுமா?"

வீட்டுக்கு வாங்க என்றேன். இங்கே சமைக்க ஆள் இல்லை என்றார். அழுதேன். அவர் இன்னொரு விறகைத் தள்ளினார். பஸ் ஏறும்போது ஆமையைத் திருப்பிக் கொடுத்து, கம்பளியையும் என் தோளில் போட்டுவிட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

கரண்டு போனது. போனில் அலாரம் வைத்து எழுந்ததால் தெரிந்தது. ஆமையைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் உட்கார்ந்தேன். முதுகு விட்டுப்போனது. மதினிக்கு அறுபது தாண்டிவிட்டது.

நவம்பர் 22, வெள்ளி

ரோடு திறந்துவிட்டது. ரிப்கான் தம்பி ஜீப்பில் வந்தார். எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பையன். அவர்மேல் என்னென்னவோ நினைத்திருந்தேன். ஆமையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க அக்கா" என்றார். நானில்லை என்று மதினியைக் காட்டினேன். இவர்தான் காலையில் போய், ஆமையை வழியனுப்ப என்று சொல்லி அக்காவைக் கூட்டிவந்திருந்தார். கூப்பிட்டால் மதினி வருவாரோ என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பையோடு வந்திருந்தார், பை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜீப் போனதும் மதினி பையைக் கையில் எடுத்தார். நான் வாங்கி அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். தேயிலைப் பெட்டியிலிருந்து பல்பைக் கழற்றி, அவர் படுக்கிற மூலைக்கு மேலே மாட்டினேன்.

"எனக்கெதுக்குடி இது?"

"குளுருதுல்ல."

"கரண்டு போனா?"

"எந்திரிப்பேன்."

மதினி சிரித்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

நவம்பர் 23, சனி

ராத்திரி கரண்டு போகவில்லை. இருந்தாலும் நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மதினி கண்ணை மூடிக் கிடந்தார். உண்மையில் தூங்குகிறாரா, எனக்காகத் தூங்குவது போலக் கிடக்கிறாரா என்றுதான் இன்னும் சந்தேகம். கம்பளியை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

காலையில் ரொட்டி இருந்தது. தின்றேன்.