மோதிரம் காணாமல் போன மத்தியானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்க அம்மாவைக் கூப்பிடுங்க, வீம்பு வேண்டாம். நான் சுகம்.

உங்களை மாதிரியே, நான் ஆயா வேலை பாக்குற இந்த முதியோர் இல்லத்துலயும், வயசானவங்க துப்பறியிற படம்னா எல்லாருக்கும் உயிர். நேத்து மத்தியானம் படம் ஓடும்போது ஒரு அம்மாவோட மோதிரத்தைக் காணோம். எல்லா முகமும் என் பக்கம் திரும்புச்சு. மேலாளர் என் பையைக் கட்டில்ல கொட்டினார்.

இங்க சக்கர நாற்காலியில இருக்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சர்தான் படத்தை நிறுத்தச் சொல்லி என்னைக் கேட்டாங்க. "அவங்க கைக்குக் களிம்பு தடவினப்போ போட்டிருந்தியே, அந்தக் கையுறை எங்க?"

குப்பைக்கூடையைக் கிளறினேன். கையுறையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருவிப் போடுறது எங்க வழக்கம். களிம்புல வழுக்கி வந்த மோதிரம் அதுக்குள்ளயே சிக்கிக் கிடந்தது. எல்லாரும் டீச்சருக்குக் கைதட்டினாங்க. கொட்டின துணியை நானே மடிச்சு வெச்சேன்.

கவலைப்படாதீங்க. பைக்கு ஒரு சின்னப் பூட்டு மட்டும் அனுப்புங்க. கூப்பிடு மணி அடிக்குது, போறேன்.

அப்புறம் அப்பா, படம் ஆரம்பிச்ச உடனே "வேலைக்காரிதான் எடுத்திருப்பா"ன்னு சொல்வீங்களே, இனிமே இடைவேளை வரைக்குமாவது பொறுங்க.

உங்க மூத்தவள்