கீரி ஊர வை

பரவை,
மாசி 9, 1937

சிரஞ்சீவி தவசிக்கு அப்பத்தா எழுதுவது. இங்கே மாடு கன்று முதல் எல்லாரும் சுகம். சுகமில்லாதது என் மனசு ஒன்றுதான்.

கொழும்பிலிருந்து நீ அனுப்பிய விதைப் பொட்டலம் வந்தது. அந்தியில் விரிந்து விடியும்போது வாடுகிற வெள்ளைப் பூக்கொடி என்று எழுதியிருந்தாய். சரி. உள்ளே இருந்த துண்டுச் சீட்டுதான் விளங்கவில்லை. ‘விதை கீரி ஊர வை’ என்று இருக்கிறது. இருட்டில் பூக்கிற பூவுக்குப் பாம்பு வரும், அதற்குத்தான் கீரி போல என்று உன் சித்தப்பன் மருதுவிடம் சொல்லி ஒரு கீரிக்குட்டி பிடித்துவரச் செய்தேன். அது அடுத்த வீட்டு முனியாயியின் கோழியைத் தூக்கிவிட்டது. “பூ வைக்கிற வயசா மதினிக்கு?” என்கிறாள் அவள். தெருவே சிரிக்கிறது.

விதை மட்டும் முளைக்கவில்லை. வருஷம் தவறாமல் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிற கை இது. உனக்கும் தாய்மாமன் மகள் சோலையம்மாளுக்கும் வைகாசியில் பரிசம் என்று வெற்றிலை மாற்றியிருக்கிற நேரத்தில் இப்படியா? போய்ப் போய்த் தொட்டியைப் பார்க்கிறேன். உடனே பதில் போடு.

மாயக்காள்

கொழும்பு,
பங்குனி 2

அன்புள்ள அப்பத்தாவுக்கு தவசி வணக்கம்.

கீரியை விட்டுவிடுங்கள். அது ‘கீறி ஊற வை’. விதைத் தோல் கல் மாதிரி இருக்கும். கத்தி முனையால் லேசாகக் கீறி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். கடை வேலை அவசரத்தில் எழுத்துப் பிசகிவிட்டது.

வைகாசிக்கு முதலாளி லீவு தருவாரா தெரியவில்லை. மாமாவிடம் இப்போது நாள் எதுவும் சொல்ல வேண்டாம்.

தவசி

பரவை,
பங்குனி 17

தவசிக்கு,

கீறி ஊறவைத்தேன். அந்த வாரமே முளை மண்ணை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். மணலில் உன் விரலைப் பிடித்து றகரம் போடவைத்தவள். வீடு தீப்பற்றி எரிந்தாலும் நீ கீறியைக் கீரி என்று எழுதமாட்டாய். அரிவாளைத் திருப்பிப் பிடிக்கிற உனக்கு விதை கீறுகிற பக்குவம் யார் சொன்னது? அந்தச் சீட்டில் எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக, புள்ளிக்கோலம் போல இருக்கிறது. யார் கை அது?

நேற்று உன் மாமன் வந்தான். “மாப்ள எப்ப வாராரு அத்தே? பந்தலுக்குச் சொல்லணும்ல” என்றான். “வாரான், வாரான்” என்று மோரைக் கொடுத்து அனுப்பினேன். எத்தனை நாள் மோர் கொடுப்பேன்?

அப்பத்தா

கொழும்பு,
சித்திரை 5

அப்பத்தா,

அவள் பெயர் சோமாவதி. சிங்களப் பெண். கடைக்குப் பின்னால் அவள் அப்பா பூஞ்செடி நாற்று வளர்த்து விற்கிறார். தமிழ் எழுத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ரகரமும் றகரமும் அவள் காதுக்கு ஒன்றுதான். உங்களுக்குத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கி அந்தச் சீட்டை எழுதினாள்.

அவளை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. அவளோடு நான் வாசலேற நீங்கள் சம்மதித்தால் எழுதுங்கள்.

தவசி

கொழும்பு,
வைகாசி 28

அப்பத்தா,

தபால்காரன் வரும்போதெல்லாம் கடையை விட்டு எழுந்து ஓடுகிறேன். முதலாளி திட்டுகிறார். கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டீர்களா? அதையாவது எழுதுங்கள்.

தவசி

பரவை,
ஆடி 4

விதை அனுப்பிய சோமாவதிக்கு, தவசியின் அப்பத்தா எழுதுவது.

பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படி. அவனுக்கு எழுத எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கொடியைப் பிடுங்கத்தான் போனேன். கீறி முளைக்கவைத்தது என் கையாச்சே என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு சோலையம்மாள் வீட்டுக்கு நானே நடந்துபோய், மாற்றிய வெற்றிலைக்கு மன்னிப்புக் கேட்டேன். யாருக்கும் குனியாத தலை இது. “இனி உங்க வாசல மிதிக்க மாட்டோம் அத்தே” என்றான் அவள் அப்பன். அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்க முகமில்லாமல் எழுந்து வந்தேன். இதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிசப் பந்தலுக்கு வெட்டிவைத்த மூங்கிலில்தான் கொடி ஏறியிருக்கிறது. நேற்று விளக்கு வைக்கிற நேரம் முதல் பூ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடை மாதிரி விரிந்தது. காட்டில் விட்ட கீரியும் திரும்பி வந்துவிட்டது. விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறது.

நீ எழுதினதைத் திருத்த வேண்டாம் என்று அவனிடம் சொல். கொடியடியில் கீரி ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது. விதை முற்றும் முன்னே இரண்டு பேரும் வந்து சேருங்கள்.

உன் அப்பத்தா,
மாயக்காள்